ஜாதகர் இன்னும் பிறக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. வினோதினி மேல் உண்டு. ஆனால் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், அவள் அப்பாவின் கம்ப்யூட்டர் எங்கள் இரண்டு பேர் ஜாதகத்தையும் பார்த்துப் ‘பொருந்தும்’ என்று அச்சடித்துத் தர வேண்டும். அதனால் இந்த வருஷம் முழுக்க நான் கடவுள் காலைப் பிடிக்கவில்லை, மாமனார் காலைப் பிடிக்கவில்லை, ஒரு பழைய கம்ப்யூட்டரின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

அவள் அப்பா வைத்திலிங்கம், சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வீட்டு முன்னறையில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ நடத்துகிறவர். கையால் கட்டம் போடும் ஜோசியர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது என்பது அவர் கட்சி. மெஷின் என்றால் ஊரில் உள்ள எல்லா மெஷினும் இல்லை, அவருடைய அந்த ஒரே மெஷின். செல்போனில் பொருத்தம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அவர் தண்ணீர்கூடத் தரமாட்டார். தினமும் காலையில் கேபினட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் சுவிட்சையே தட்டுவார்.

அந்த மெஷின் சாகக் கிடந்தது. ஃபேன் ஒருநாள் கத்தும், ஒருநாள் முனகும். செவ்வாய் தோஷத்தைப் பாதி அச்சடித்துவிட்டு அணைந்துபோகும். மீதித் தோஷம் எங்கே என்று ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“அது போயிடுச்சுன்னா அப்பா வேற எதையும் ஒத்துக்கமாட்டாரு. அதோட நம்ம கல்யாணமும் போச்சு, தெரிஞ்சுக்க” என்றாள் வினோதினி.

நாங்கள் இரண்டு பேரும் கடலூர் செம்மண்டலத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நாங்கள் செய்வது ப்ராசஸர் எமுலேட்டர். அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். வெறும் மென்பொருள்தான், ஆனால் உள்ளே ஓடுகிறதற்கு, தான் நிஜ இரும்பில் ஓடுவதாகவே நினைப்பு. எழுதுகிறவன் நான். அதில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள் அவள். காதலிக்க ஆரம்பித்தால் என் மேல் ‘பக்’ என்று பிழைப் புகார் போடுவதைக் கொஞ்சம் குறைப்பாள் என்று நினைத்தேன். ஜாஸ்தியாகத்தான் ஆனது.

“பழைய மெஷினோட டிஸ்க்க அப்பிடியே காப்பி எடுத்து உன் எமுலேட்டர்ல ஓட்டேன். மெஷினுக்கே தெரியாது, அப்பாவுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

கேட்க லேசாக இருந்தது. டிஸ்க்கைத் திறந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பக்கிரி என்று ஒரு மகானுபாவர் பல வருஷங்களுக்கு முன் அந்த மெஷினை அமைத்துக் கொடுத்துவிட்டு மஸ்கட் போய்விட்டாராம். அவர் ஜாதக மென்பொருளை நேராக மெஷினில் வைக்கவில்லை. மெஷினுக்குள் மென்பொருளாலேயே ஒரு விர்ச்சுவல் மெஷினைக் கட்டி, அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஜாதகத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்து வைத்தால் அது திறக்கவே மாட்டேன் என்றது. பக்கிரி கட்டிய கூட்டுக்குள் இருந்தால்தான் கண்ணை விழிக்குமாம். எந்த ஊர் ராஜாவுக்கு இந்தப் பாதுகாப்பு என்று பக்கிரியை வாய் நிறையத் திட்டினேன். மஸ்கட்டில் அவருக்குப் புரையேறியிருக்கும்.

ஆக, என் எமுலேட்டருக்குள் பழைய மெஷின் ஓட வேண்டும். பழைய மெஷினுக்குள் ஜாதக மெஷின் ஓட வேண்டும். இதற்கு நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். உள்வாடகை என்றால் எல்லாருக்கும் புரியும். வீடு என்னுடையது. குடியிருப்பவர் பழைய மெஷின். அவர் பின்கட்டை ஜாதகத்துக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்கட்டுக்காரரைப் பொறுத்தவரை குடித்தனக்காரர்தான் வீட்டுக்காரர். என்னைத் தெரியவே தெரியாது. பின்கட்டில் குழாய் ஒழுகினால் அவர் குடித்தனக்காரரிடம் சொல்வார். இவர் பெரிய சொந்த வீட்டுக்காரர் மாதிரி, “ஆவட்டும், பாக்குறேன்” என்று தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப் பக்கமாக என்னிடம் ஓடிவருவார். வேலையை நான் செய்ய வேண்டும், பெயர் அவருக்குப் போக வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இந்த நாடகம் ஆயிரக்கணக்கில் நடக்கும்.

என் எமுலேட்டரில் உள்வாடகைக்கு வசதி இல்லை. உலகத்தில் வேறு மென்பொருட்களில் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றாள் வினோதினி. எனக்கு வந்ததே கோபம்! நானே ஒரு எமுலேட்டர் எழுதி வைத்திருக்க, என் கல்யாணத்துக்கு எவனோ எழுதியதில் பொருத்தம் பார்ப்பதா?

“நானே எழுதுறேன்.”

“எழுது, எழுது. நான் கெழவியாவுற வரைக்கும் எழுது.”

எழுதினேன். பஸ்ஸில் எழுதினேன், டீக்கடையில் எழுதினேன், கம்பெனியில் மற்ற வேலை செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய மெஷின் எமுலேட்டருக்குள் எழுந்தது. அது எழுந்து சோம்பல் முறித்து, தன் வயிற்றுக்குள் இருந்த ஜாதக மெஷினை எழுப்பியது. திரையில் மெதுவாக, ஆடி அசைந்து ராசிக் கட்டம் வந்தபோது இரண்டு பேரும் குதித்த குதியில் கீழே மருந்துக்கடைக்காரர் விட்டத்தைக் குச்சியால் தட்டினார்.

வினோதினி சோதனைக்கு அவள் பெரியப்பா ஜாதகத்தைப் போட்டாள். கட்டம் சரியாக வந்தது.

“நம்ம ரெண்டு பேரோடதையும் போட்டுப் பாத்துடலாமா?” என்றேன்.

“செருப்பு பிஞ்சிடும். அத அப்பா கையாலதான் போடணும். நாம மின்னாடியே எட்டிப் பாத்தா, வர்ற பொருத்தமும் வராம போயிடும்.”

ஊரில் இருக்கும் எமுலேட்டரில் எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறவள், இந்த விஷயத்தில் மட்டும் இப்படி. எனக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்ததால் நான் வாதாடவில்லை. எனவே இந்த உலகத்தில் வாழும் இளைஞர் ஒருவருடைய ஜாதகமும் அதில் சோதிக்கப்படவில்லை. எங்கள் பாழாய்ப்போன புத்தி அங்கேதான் வேலையைக் காட்டியது.

அடுத்த வாரம் சிதம்பரம் போய், பழைய கேபினட்டின் குடலை உருவிவிட்டு, அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்துக் கட்டினேன். வெளியே அதே சந்தனப் பொட்டு, அதே சுவிட்சு. வைத்திலிங்கத்திடம் ‘ரிப்பேர்’ என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவர் கேபினட் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் விட்டுடுச்சு” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிழைத்து எழுந்த மெஷின் முதல்முதலாகத் தன் பெண்ணின் பொருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமையையே அவர் குறித்துவிட்டார். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும். வினோதினியின் அம்மா முத்தம்மாள் காலையிலேயே இட்லியும் கொத்சும் வைத்து, நான் போதும் போதும் என்று சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே இருந்தார். பூஜை முடிந்தது. வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் என் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு மெஷினைத் தாண்டி வர வேண்டுமே, தாமதமாகத்தான் செய்தது.

“நல்லா யோசிக்குது. மின்னாடியெல்லாம் இவ்ளோ யோசிக்காது” என்றார் திருப்தியாக.

பிரிண்டர் கிறீச்சிட்டது. அவர் தாளைக் கிழித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

‘ஜாதகர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்த பின் வரவும்.’

“மாமா, நான் இங்கதான நிக்கிறேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“நிக்கிற தம்பி. ஆனா கணக்குல இல்ல.”

“பொறக்காத புள்ளயா காலயில எட்டு இட்லி தின்னுச்சு?” என்றார் முத்தம்மாள்.

“நீ சும்மா இரு முத்து. மெஷின் இதுவரைக்கும் யாரையும் பாத்து இப்பிடிச் சொன்னதில்ல. இதுக்கு என்னமோ அர்த்தம் இருக்கு. என் பொண்ணுக்குன்னு ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்போல.”

“அவன் பொறந்து வளந்து வர்றதுக்குள்ள எனக்கு அறுவது வயசாயிடும்பா!” என்று வினோதினி கத்தினாள். கத்தியபடியே என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். தேதி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜாதக மெஷினின் கடிகாரம்! இன்றைய தேதியை விடப் பிறந்த தேதி பின்னால் இருந்தால்தான் அந்தச் செய்தி வரும். அப்படியானால் உள்ளே இருக்கும் மெஷின் நான் பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பா பழைய ஆள், அவருக்கு எந்த வருஷமும் பொருந்தும். சரிசெய்துவிடலாம், ஆனால் கேபினட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் மெஷினே அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

“இருங்க, மெஷினுக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சான்னு பாத்துடுவோம். என் ஜாதகத்தப் போடுறேன். அது என்னா சொல்லும்னு எனக்கு மனப்பாடம். மூட்டு வலி, வீண் செலவு, பயணத்துல எச்சரிக்கை” என்று வைத்திலிங்கம் தன்னுடையதைத் தட்டினார்.

பிரிண்டர் மறுபடி கிறீச்சிட்டது. இந்தத் தடவை முத்தம்மாள் முந்திக்கொண்டு தாளைக் கிழித்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“ஜாதகருக்கு நடப்பு ஆண்டில் விவாகப் பிராப்தி உண்டு. வடகிழக்குத் திசையிலிருந்து பெண் அமையும்.”

படித்துவிட்டுத் தாளைப் புருஷன் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“யாரு அவ?” என்றார் முத்தம்மாள்.

“ஏய், எனக்கு என்னா தெரியும்?”

“வடகிழக்குல அந்த ஜெராக்ஸ் கடக்காரிதான இருக்கா? தெனமும் பேப்பர் வாங்கப் போறேன், பேப்பர் வாங்கப் போறேன்னு போனது இதுக்குத்தானா?”

“பேப்பர் வாங்கத்தான்டி போனேன்! அந்தம்மாவுக்குப் பேரன் இருக்கான்!”

“மெஷின் பொய் சொல்லாதுன்னு முப்பது வருசமா யாரு சொன்னது? நீங்களா, நானா?”

வைத்திலிங்கம் நன்றாக மாட்டிக்கொண்டார். மெஷின் பொய் என்றால் தொழில் போச்சு. மெஷின் மெய் என்றால் குடும்பம் போச்சு. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே முத்தம்மாள், “இந்த எழவால வந்தது!” என்று கேபினட்டின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார். நான் அவசரத்தில் சரியாக முடுக்காமல் விட்ட மூடி தடாலென்று தரையில் விழுந்தது. உள்ளே வெற்றிடம். நடுவில் குட்டிக் கம்ப்யூட்டர் மட்டும் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

“என்னாது இது, டிபன் பாக்ஸ் மாதிரி?” என்றார் முத்தம்மாள்.

வைத்திலிங்கம் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என் மெஷின் எங்க தம்பி?”

“உள்ளதான் இருக்கு மாமா. இந்தச் சின்னப் பொட்டிக்குள்ள என் எமுலேட்டர் ஓடுது. அதுக்குள்ள உங்க மெஷின் ஓடுது. அதுக்குள்ள ஜாதகம் ஓடுது.”

“அப்ப என் மெஷின் செத்துப்போச்சா?”

“சாவல மாமா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னமும் பழைய பொட்டியிலதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா ஓடுது.”

“அதுக்கும் தெரியாம, எனக்கும் தெரியாம” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். “ஏமாத்திப்புட்ட. காலயில அதுக்குக் கற்பூரம் காட்டுனேனே, அத நீயும் பக்கத்துலயே நின்னு பாத்தியே. கெளம்பு தம்பி. நீ கெளம்பு.”

“அப்பா, அது நான் சொல்லித்தான்பா” என்று வினோதினி அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நான் பையை எடுத்தேன். எனக்கும் அழுகைதான் வந்தது, அதை மறைக்க எரிச்சல்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த வருஷம் முழுக்க எழுதியது என் கல்யாணத்துக்கு வேட்டு வைக்கத்தானா?

முத்தம்மாள் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரியின் பெயர் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று தாளை மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இங்க கீழ என்னா எண்பத்தொம்போதுன்னு போட்டிருக்கு?”

“எங்க?”

“அச்சிட்ட நாள்னு போட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொம்போது.” அவர் நிமிர்ந்தார். “எண்பத்தொம்போது ஐப்பசிலதான நமக்குக் கல்யாணம் ஆச்சு?”

வைத்திலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இங்கேருந்து பரங்கிப்பேட்ட எந்தப் பக்கம்?” என்றார் முத்தம்மாள். அவருடைய பிறந்த வீடு பரங்கிப்பேட்டை.

“வடகிழக்கு” என்றார் வைத்திலிங்கம். சொன்னதும் அவர் முகம் மாறியது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “பாத்தியா! பாத்தியா முத்து! அதுக்கு நாள்தான் தப்பு. சொன்னது அத்தனையும் சரி! எந்தப் பொட்டிக்குள்ள போட்டு அடச்சாலும் என் மெஷின் பொய் சொல்லாது!” பிறகு என் பக்கம் திரும்பி அதட்டினார். “பையத் தூக்கிக்கிட்டு எங்க போற? நாள எவன் தப்பாக்குனானோ அவனே சரியாக்கிட்டுப் போவட்டும்.”

ராகு காலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு மணி வரை மெஷினில் எதுவும் போடக்கூடாது, ஆனால் ரிப்பேர் பார்க்கலாமாம். லேப்டாப்பை மாட்டி நானும் வினோதினியும் தரையில் உட்கார்ந்தோம். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள். வீட்டுக்காரனாகிய நான் குடித்தனக்காரருக்கு நேரம் சொல்லும்போது ஒரு திருத்தம் போட்டுச் சொல்கிறேன். குடித்தனக்காரர் பின்கட்டுக்குச் சொல்லும்போது தன் பங்குக்கு ஒரு திருத்தம் போடுகிறார். பின்கட்டின் நேரத்துக்கு இரண்டையும் கூட்ட வேண்டும். நான் அவருடைய திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என்னுடையதைக் கூட்டாமல் விட்டிருந்தேன்.

“கூட்டல்” என்றாள். “ஒண்ணாங்கிளாஸ் கூட்டல். இதுக்கா கெளம்புன்னு வாங்கிக் கட்டிக்கிட்ட?”

“டெஸ்ட் பண்ணது நீதான?”

“எழுதுனது நீதான?”

“ரெண்டு பேரும் அப்பறமா அடிச்சுக்குங்க. மணியாவுது” என்றார் முத்தம்மாள்.

பன்னிரண்டு தாண்டியதும் வைத்திலிங்கம் குட்டிக் கம்ப்யூட்டருக்கே ஒரு பொட்டு வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேர் விவரத்தையும் தட்டினார். இந்த முறை நான் பிறந்திருந்தேன். மெஷின் யோசித்தது. பிரிண்டர் பக்கத்தில் அவர் காத்திருக்க, என் லேப்டாப் திரையில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பத்துப் பொருத்தத்தில் நாலு.

வினோதினி என் தொடையில் கிள்ளினாள். “நீதான எல்லாத்துக்கும் வெளியில நிக்கிற. உள்ள கைய விட்டு நால எட்டாக்கு” என்று கிசுகிசுத்தாள்.

முடியும். நான் நினைத்தால் உள்ளே சூரியனை மேற்கில் உதிக்கவைக்க முடியும். ஆனால் உள்ளே நடக்கும் கணக்கில் கை வைத்தால் அது எமுலேட்டரே இல்லை. அத்தனை நாள் ராப்பகலாய் எழுதியதைக் கடைசியில் நானே கெடுப்பதா? சொன்னால் சிரிப்பீர்கள், கல்யாணத்தை விட எனக்கு அந்த நிமிஷம் அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கை கீபோர்டுக்குப் போனது. அதற்குள் பிரிண்டர் கிறீச்சிட்டுவிட்டது.

வைத்திலிங்கம் தாளைப் படித்தார். மடித்தார்.

“தம்பி, நீ நல்ல புள்ளதான். திட்டுனது மனசுல வச்சுக்காத. ஆனா நாலுதான் வருது. அஞ்சுக்குக் கீழ வந்த எத்தன பேர நானே திருப்பி அனுப்பியிருக்கேன். என் வீட்டுக்குன்னு ஒரு நியாயம் வைக்க முடியுமா, சொல்லு.”

நான் லேப்டாப்பை மூடினேன். வினோதினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நம்மளதப் போடுங்க” என்றார் முத்தம்மாள்.

“எது?”

“உங்களோடதையும் என்னோடதையும். பொருத்தம் போட்டுப் பாருங்க.”

“ஆனதுக்கு அப்பறம் யாராவது பாப்பாங்களா? பாக்கக்கூடாது முத்து.”

“ஊருக்கெல்லாம் பாக்குறீங்க. எனக்குப் பாக்க மாட்டீங்களா?”

அவர் தட்டவில்லை. வினோதினி அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்து தட்டினாள். மெஷின் இதற்கும் நிதானமாக யோசித்தது. அடித்து முடித்த தாளை முத்தம்மாள் கிழித்துப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு புருஷனிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பத்துக்கு இரண்டு. அதற்குக் கீழே, ‘இத்திருமணம் தவிர்க்கத் தக்கது’ என்று வேறு போட்டிருந்தது.

“ரெண்டுதானா முத்து?” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

“ரெண்டுதான். அந்த ரெண்ட வச்சுக்கிட்டுதான் இத்தன வருசம் சண்டயும் போட்டு, சோறும் ஆக்கி, ஒரு பொண்ணப் பெத்துப் படிக்கவும் வச்சிருக்கோம். இதுங்களுக்கு நாலு இருக்கு. நமக்கு டபுளு. இன்னும் என்னாத்துக்கு யோசன? எழுந்திரிங்க, சோறு ஆறுது.”

வைத்திலிங்கம் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டார். பிறகு, தை மாதத்து முகூர்த்தம் பார்க்க வேண்டும், மெஷினை அணைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனைவி பின்னால் சாப்பிடப் போனார்.